ஓனர் பின் சீட்டில் இருக்கிறார்

"இதுல ஓனர் பேரு பர்னபாஸ் பர்னாந்துன்னு இருக்கே அண்ணாச்சி. யாரு இது?"

கப்பல் ஏஜென்ட் கிருபாநிதி, காரின் ஆர்.சி.யைக் கண்ணாடிக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"நம்ம டிரைவர்தான். வெளிய நிக்கான்" என்றார் மந்திரமூர்த்தி.

"அப்ப கார் அவரு காரு."

"என்னவே சொல்லுதீரு? காசு குடுத்தது நான். பெட்ரோல் போடுறது நான். அவன் ஓட்டுதான், துடைக்கான். அம்புட்டுதான்."

"கஸ்டம்ஸ்ல பெட்ரோல் யாரு போடுறான்னு கேக்க மாட்டாங்க அண்ணாச்சி. பேரைத்தான் பாப்பாங்க."

மந்திரமூர்த்திக்குத் தூத்துக்குடியில் பெரிய பாத்திரக்கடை. சொந்தமாக மூன்று மாடி. ஆனால் சக்கரம் வைத்த எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. அதற்குக் காரணம் அவருடைய ஜாதகம். அவர் பேரில் வாங்கிய முதல் மொபெட், வாங்கிய மூன்றாம் நாள் அவரோடு சேர்ந்து உப்பளத்துக்குள் இறங்கியது. இரண்டாவதாக வாங்கிய ஸ்கூட்டரைப் பூஜை போட்ட கோயில் வாசலிலேயே யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவதாக வாங்கிய லோடு ஆட்டோ, எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறிய வேகத்தில் அச்சு முறிந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "உமக்கு வாகன யோகமே இல்ல. உம்ம வீட்டம்மாவுக்கும் இல்ல" என்று கையை விரித்தார்.

அப்போதுதான் லோடு ஆட்டோவுக்கு வைத்திருந்த டிரைவர் பர்னபாஸின் நினைவு வந்தது. பர்னபாஸ் திரேஸ்புரத்துக்காரன், கத்தோலிக்கன். அவனுக்கு ஜாதகமே கிடையாது. பிறந்த நேரம் அவன் அம்மாவுக்கே தெரியாது. ஞானஸ்நானம் வாங்கிய தேதி மட்டும் கோயில் பதிவேட்டில் இருந்தது. ஜாதகமே இல்லாதவனைச் சனி எந்த விலாசத்தில் போய்த் தேடும் என்று ஜோசியரே கேட்டார். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக மந்திரமூர்த்தியின் கார் பர்னபாஸ் பேரில் ஓடுகிறது. ஒரு கீறல் விழுந்ததில்லை.

"சரி, இப்ப என் பேருக்கு மாத்திருவோமா?" என்றார் மந்திரமூர்த்தி தணிந்த குரலில்.

"மாத்தலாம். அது முடிஞ்சி, காருக்குப் பாஸ்போர்ட் மாதிரி ஒரு பேப்பர் வாங்கணும்லா, அதை மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். உங்க பேரப்பிள்ளைக்கு எப்பக் காதுகுத்து?"

"அடுத்த மாசம் இருபத்தெட்டு."

"அப்படின்னா கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க. பேரப்பிள்ளை கல்யாணத்துக்கு."

மந்திரமூர்த்தி ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்தக் காதுகுத்துக்குக் கொழும்பில் தன் சொந்தக் காரை, தன் கையால் ஓட்டிக்கொண்டு போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்தியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அவர் மந்திரமூர்த்தி இல்லை.

மகள் அனுசியாவைக் கட்டிக்கொடுத்தது கொழும்பில். சம்பந்தி சிவபாலனுக்கு அங்கே மூன்று தலைமுறையாக வியாபாரம். போன வருஷம் பேரனைப் பார்க்கப் போனபோது விமான நிலையத்துக்கு ஒரு நீள வெள்ளைக் காரில் வந்திருந்தார். மந்திரமூர்த்தி ஏறப் போனார். "சம்பந்தி, செருப்பை வெளிய ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டு ஏறுங்கோ" என்றார் சிவபாலன். மனைவி சண்முகவடிவுக்கு முன்னால். மந்திரமூர்த்தி தட்டினார். தட்டிய சத்தம் பதினோரு மாதமாகக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆகவேதான் காதுகுத்துக்குத் தேதி சொன்ன அன்றே போனில் அடித்தார். "நாங்க பிளேன்ல வந்து எறங்கி உங்களுக்குச் சிரமம் குடுக்க மாட்டோம் சம்பந்தி. நம்ம காரைக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டு, அங்கன வந்து நானே ஓட்டிட்டு வாரேன். நீங்களும் நம்ம கார்ல ஏறணும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வாங்கோ, வாங்கோ" என்றார் சிவபாலன். வாயடைத்துப் போனார் என்று மந்திரமூர்த்தி கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"ஒரு வழி இருக்கு" என்றார் கிருபாநிதி. "ஓனர் கூடவே வரணும். பர்னபாஸ் பேருக்கே பேப்பர் வாங்கிருவோம். அவரு ஓனரா வரட்டும். நீங்க ஓட்டுங்க."

"அப்ப நான் யாரு?"

கிருபாநிதி பேனாவை மூடினார். "பேப்பர்லதான அண்ணாச்சி. பேப்பர்ல நீங்க டிரைவர்."

மந்திரமூர்த்தி ஒரு நிமிஷம் யோசித்தார். கொழும்பு வாசலில் பேப்பரை யார் பார்க்கப் போகிறார்கள்? காரைத்தான் பார்ப்பார்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் தன்னைத்தான் பார்ப்பார்கள். "ஏலே பர்னபாஸ், உள்ள வா" என்றார்.

பர்னபாஸ் வந்தான். விஷயத்தைக் கேட்டான். எதற்கும் சொல்வதைப் போலவே இதற்கும், "சரி அண்ணாச்சி" என்றான்.

அங்கேயே உட்காரவைத்து அவனிடம் ஓர் அனுமதிக் கடிதம் எழுதி வாங்கினார்கள். கிருபாநிதி சொல்லச் சொல்லப் பர்னபாஸ் எழுதினான். எழுதியதை மந்திரமூர்த்தி வாங்கி வாசித்தார். "என்னிடம் ஓட்டுநராக உள்ள திரு. மந்திரமூர்த்தி என்பவர் எனக்கு நன்கு தெரிந்தவர். குடிப்பழக்கம் இல்லாதவர். அவரை நம்பி என் வாகனத்தை ஒப்படைக்கிறேன்."

"குடிப்பழக்கம் வரை எழுதணுமா?" என்றார்.

"அதை நானாச் சேத்தேன் அண்ணாச்சி" என்றான் பர்னபாஸ் பணிவாக. "உங்களுக்கு நல்லதுதானே."

*

பாஸ்போர்ட் பர்னபாஸிடம் ஏற்கெனவே இருந்தது. தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன காலத்துக்குப் பிறகு புதுப்பித்தும் வைத்திருந்தான். மந்திரமூர்த்தியின் சர்வதேச ஓட்டுநர் பெர்மிட்டும் ஒரு வாரத்தில் கைக்கு வந்தது. அது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம். அதைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனார். பித்தளைக் குடம் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "இத வச்சி நூறு நாட்டுல ஓட்டலாம்" என்று எடுத்துக் காட்டினார்.

"எத்தனை நாள் ஆச்சு நீங்க வண்டி ஓட்டி?" என்று கேட்டாள் சண்முகவடிவு.

"பதினோரு வருஷம்."

"அப்ப நூறு நாட்டுக்கும் முதல்ல ஒரு தந்தி அடிச்சிருங்க."

அதனால் ஒத்திகை வைத்துக்கொள்ள முடிவானது. காலை ஐந்தரை மணிக்கு, உப்பளங்களுக்கு நடுவே போகும் ரோட்டில். மந்திரமூர்த்தி ஸ்டியரிங்கில், பர்னபாஸ் பக்கத்தில்.

மூன்றாம் நாள் கிருபாநிதியிடமிருந்து போன். "அண்ணாச்சி, கார்ல ஓனர் முன் சீட்டுல உக்காந்து கியர் மாத்தச் சொல்லிக் குடுத்தா யாரு நம்புவா? கன்டெய்னர் ஏத்துற யார்டுல கஸ்டம்ஸ் ஆபீசர் நிப்பாரு. ஓனர்னா ஓனர் மாதிரி இருக்கணும். இப்பமே பழகிக்கிடுங்க."

பர்னபாஸ் பின் சீட்டுக்குப் போனான். கதவைத் தானே திறந்து ஏறினான்.

"ஏலே, இறங்கு" என்றார் மந்திரமூர்த்தி. "ஓனர் கதவைத் தொடுவானா? நான் வந்து தெறக்குற வரைக்கும் அப்படியே நிக்கணும். ஆகாசத்தைப் பாக்கணும். ஏறுனதும் தேங்க்ஸ்னு சொல்லிராத."

"நீங்க சொன்னதே இல்லியே அண்ணாச்சி. தெரியும்."

"போனை எடுத்துப் பேசணும். சும்மாவாவது."

"யார்கூட?"

"யாராயிருந்தா என்ன. 'அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கிடுவோம்'னு மட்டும் சொல்லிட்டு வையி."

பர்னபாஸ் போனைக் காதில் வைத்து, "அதெல்லாம் நாளைக்குப் பாத்துக்கிடுவோம்" என்றான். அவ்வளவு கச்சிதமாக இருந்தது. மந்திரமூர்த்திக்குத் தன் குரலையே கேட்டதுபோல் இருந்தது. பதினோரு வருஷமாக முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான் அல்லவா.

"நீ எனக்கு ஒண்ணும் சொல்லித் தரல்லியே" என்றார் கொஞ்சம் பொறாமையோடு. "டிரைவர்னா எப்படி இருக்கணும்?"

"பின்னாடி பேசுறது காதுல விழக் கூடாது அண்ணாச்சி. விழுந்தாலும் விழாத மாதிரி இருக்கணும். அப்புறம், பிரேக்கை இப்பிடிப் போட்டா ஓனர் மூக்கு முன் சீட்டுல வந்து இடிக்கும். அதைக் கொஞ்சம் மெதுவா."

ஒரு வாரத்தில் மந்திரமூர்த்தி ஊருக்குள் ஓட்ட ஆரம்பித்தார். கை பழகிவிட்டது. ஆனந்தம் தாங்கவில்லை. பனிமய மாதா கோயில் திருப்பத்தை ஒரே வெட்டில் வெட்டினார். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு தடவை வந்தார். பின்னால் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், மந்திரமூர்த்தியின் தங்க வாட்சைக் கட்டிக்கொண்டு, ஆகாசத்தைப் பார்த்தபடி பர்னபாஸ். ஓனருக்கு வாட்ச் வேண்டும் என்று சொன்னதும் கிருபாநிதிதான்.

மூன்றே நாளில் ஊர் இரண்டாகப் பேசியது. ஒரு பாதி, மந்திரமூர்த்தி நொடித்துப்போய்க் காரை டிரைவருக்கே விற்றுவிட்டு, பாவம், அவனிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றது. இன்னொரு பாதி, பர்னபாஸுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது என்றது. கடைக்கு வந்த ஒரு பழைய வாடிக்கையாளர் கண் கலங்கி, "நேரம்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. தைரியமா இருங்க" என்று சொல்லி, தேவையே இல்லாமல் ஒரு இட்லிக் கொப்பரை வாங்கிக்கொண்டு போனார்.

திரேஸ்புரத்திலிருந்து பர்னபாஸின் மனைவி எமில்டா நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, காரு எங்க வீட்டுக்காரர் பேர்லயா இருக்கு?"

"ஒரு இதுக்காக இருக்கும்மா."

"பதினோரு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்லியே இந்த மனுசன்." அவள் பர்னபாஸைப் பார்த்த பார்வையில் அவன் ஆகாசத்தைப் பார்ப்பதை நிறுத்தினான். "சொந்தக் காரை வீட்டுல வச்சிக்கிட்டு, மழையில ஷேர் ஆட்டோவுல போய்க்கிட்டு இருந்திருக்கேன் நான்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எமில்டாவையும் பிள்ளைகளையும் காரில் கொண்டுபோய் விடுவதென்று சமாதானமானது. ஆனால் பர்னபாஸ் ஓட்டினால் ஒத்திகை என்னாவது? மந்திரமூர்த்திதான் ஓட்டினார். கோயில் வாசலில் இறங்கிக் கதவையும் அவரே திறந்துவிட்டார். பழக்கதோஷம். எமில்டா அவரைப் பார்த்து, "இங்கன வெயிலாயிருக்கு, அந்தப் புங்கமர நெழல்ல போடுங்க அண்ணாச்சி. பூசை முடிய ஒம்பதரை ஆகும்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

*

ஊர் வாயை அடைக்க ஒரே வழி பிளக்ஸ்தான் என்று மந்திரமூர்த்தி தீர்மானித்தார். தூத்துக்குடியில் பிளக்ஸில் வராத எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. கடைக்கு எதிரே பன்னிரண்டு அடிக்கு வைத்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கப்பல், நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட மந்திரமூர்த்தி. "தன் சொந்தக் காரில் கடல் கடந்து இலங்கை செல்லும் வணிகச் செம்மல் அண்ணாச்சி மந்திரமூர்த்தி அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்." கீழே வழியனுப்புவோர் பெயர்கள்: கடையில் வேலை பார்க்கும் ஒன்பது பேர்.

மாலையே கிருபாநிதி ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, அந்த ரோட்டுலதான் கஸ்டம்ஸ் ஆபீசர் டெய்லி ஸ்கூட்டர்ல போறாரு. பேப்பர்ல பர்னபாஸ் கார். பிளக்ஸ்ல உங்க சொந்தக் கார். நாளைக்கு யார்டுல அவரு பிளக்ஸைக் காட்டி ஒரு கேள்வி கேட்டா?"

"எடுத்துரணுமா?"

"எடுத்தா இன்னும் சந்தேகம். பர்னபாஸ் படத்தையும் சேத்துருங்க. 'சொந்தக் காரில்'னு பொதுவா இருக்கட்டும். யாரு சொந்தம்னு பாக்குறவன் பாத்துக்கிடட்டும்."

பிளக்ஸ் கடைக்குப் பர்னபாஸின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது எமில்டா. போகும்போது கையோடு ஒரு யோசனையையும் கொண்டுபோனாள். மறுநாள் காலையில் மந்திரமூர்த்தி கடை திறக்க வந்தபோது எதிரே எட்டடி உயரத்தில் பர்னபாஸ் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தான். அவன் முழங்கை ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் கூலிங் கிளாஸோடு மந்திரமூர்த்தி.

"ஓனர் படத்தைச் சின்னதாப் போட்டா கஸ்டம்ஸ்ல சந்தேகப்பட மாட்டாங்களா அண்ணாச்சி?" என்றாள் எமில்டா. கிருபாநிதியிடம் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பாயின்டுதான்" என்றார்.

வியாபாரிகள் சங்கத்து வழியனுப்பு விழாவில் புதிதாகச் செயலாளராகியிருந்தவர் பிளக்ஸைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார் போலிருக்கிறது. பொன்னாடையைப் பிரித்து நேரே பர்னபாஸ் தோளில் போட்டார். கை தட்டினார்கள். பர்னபாஸ் பதறி அதை எடுத்து மந்திரமூர்த்தி தோளில் போட்டான். "தன் டிரைவருக்கே பொன்னாடை போர்த்துன பெரிய மனசு" என்று செயலாளர் மைக்கில் தழுதழுத்தார். அதற்கு இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மந்திரமூர்த்தி தலை நிமிரவில்லை.

"பேசாம பிளேன்ல போய்ருவோமா?" என்றாள் சண்முகவடிவு, ரசத்தை ஊற்றிக்கொண்டே. இந்தத் தடவை அவள் குரலில் கேலி இல்லை. "ஊரே சிரிக்கி. உங்க மரியாதை கொஞ்சங்கூட மிச்சமில்ல."

"சிரிக்கட்டும் வடிவு. இங்கன சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும். கொழும்புல, அந்த மனுசன் வாசல்ல, நான் நம்ம காரைக் கொண்டுபோய் நிறுத்துதேன். 'ஏறுங்க சம்பந்தி, செருப்பு எப்படியிருந்தாலும் பரவால்ல'ன்னு சொல்லுதேன். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. அனுசியா அதைக் கேக்கணும்."

சண்முகவடிவு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

*

கடைசியாக ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. கார் கொழும்பில் தங்கப்போகும் வீட்டுக்காரரின் கையெழுத்துப் போட்ட கடிதம். அசல்தான் வேண்டும். சிவபாலனுக்குப் போன் செய்தார்கள்.

"அதுக்கென்ன" என்றார் சிவபாலன். "எங்கட புது டிரைவர் ஜாய்சன் வேளாங்கண்ணிக்கு வாறார். அவரிட்ட குடுத்துவிடுறன்."

"வருஷத்துக்கு ஒரு புது டிரைவர் போடுதான் பாரு" என்று மந்திரமூர்த்தி போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்தார்.

காரைக் கன்டெய்னரில் ஏற்றும் நாள் வந்தது. மந்திரமூர்த்தி விடியும்போதே குளித்துத் திருநீறு பூசித் தயாராகிவிட்டார். முதன்முதலாகக் கடை திறந்த நாளிலும் இப்படித்தான் தயாரானார். கார் பளபளத்தது. அதைத் துடைத்ததும் அவர்தான். ஓனர் சட்டையில் கறை படக் கூடாதே.

ரயில் நிலையத்தில் ஜாய்சனை ஏற்றிக்கொண்டார்கள். நாற்பது வயசிருக்கும், மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார். பின் சீட்டில் தங்க வாட்சோடு இருந்த பர்னபாஸைப் பார்த்ததும் கையைக் குவித்து, "வணக்கம் ஐயா. எங்கட ஐயா உங்களைச் சுகம் கேட்டவர்" என்று கடிதத்தை நீட்டினார். பர்னபாஸ் கண்ணாடி வழியாக மந்திரமூர்த்தியைப் பார்த்தான். மந்திரமூர்த்தி கண்ணாலேயே வேண்டாம் என்றார். கஸ்டம்ஸ் வேலை முடியும்வரை இவனிடம் எதையும் விளக்கவேண்டாம். யார்டில் எதையாவது உளறி வைப்பான். பர்னபாஸ் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஆகாசத்தைப் பார்த்தான்.

யார்டு வாசலில் காவலாளி குனிந்து பார்த்தார். "ஓனர் மட்டும் ஆபீசுக்கு வாங்க. டிரைவர் வண்டிகிட்டயே நில்லுங்க. ஆபீசர் கூப்பிடுறப்ப வண்டியை உள்ள கொண்டாங்க."

மந்திரமூர்த்தி இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார். பர்னபாஸ் இறங்கி, கிருபாநிதியோடு உள்ளே போனான். ஆபீசர் எழுந்து நின்று அவனுக்குக் கை கொடுப்பது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. நாற்காலி போட்டார்கள். டீ வந்தது.

வெளியே வெயில். மந்திரமூர்த்தியும் ஜாய்சனும் காரின் நிழலில் நின்றார்கள். ஜாய்சன் வாங்கி வந்த ரஸ்க் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார்.

"எடுங்கோ அண்ணை. எங்களை ஆர் கவனிக்கப் போகினம். கன காலமோ இவரிட்ட வேலை?"

"பொறந்ததுல இருந்து" என்றார் மந்திரமூர்த்தி.

"தங்கமான மனுசர் போல. வழி முழுக்க ஒரு சத்தம் போடேல்ல. நீங்க பிரேக் பிடிச்சதுக்குக் கூட."

மந்திரமூர்த்தி ரஸ்கைக் கடித்தார்.

"ஆனா உங்கட ஐயாவால எங்கட ஆளுக்கு ஒரு மாசமா நித்திரை இல்ல அண்ணை" என்றார் ஜாய்சன்.

"அவருக்கென்ன?" மந்திரமூர்த்தியால் அடக்க முடியவில்லை. "எங்க காரை மாதிரி நாலு மடங்கு நீளத்துக்கு வெள்ளைக் கார் நிக்கி வீட்டுல. ஏறுறதுக்கு முன்னால செருப்பத் தட்டணும். ஓட்ட நீங்க இருக்கீங்க. அதுக்கு மேல என்ன வேணுமாம் அவருக்கு?"

உள்ளேயிருந்து ஆபீசர் கையை அசைத்தார். வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார். மந்திரமூர்த்தி ஸ்டியரிங்கில் ஏறிச் சாவியைத் திருகினார். ஜாய்சன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜன்னலருகே குனிந்தார்.

"நான் சொன்னது எண்டு சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. அவரிட்ட ஏது கார்? இந்தச் சொந்தக் கார்க்காரச் சம்பந்தி வாற நாளுக்கு மட்டும் எங்கட கொம்பனியில வாடகைக்கு எடுக்கிறவர், காரையும் என்னையும்."